ரேக்கா, கேபினட்டா

கம்ப்யூட்டர் விற்கிற பீர் முகமது சுவிட்சைப் போட்டதும் முப்பிடாதி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள், நயினார் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தான், நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. மேஜைமேல் தட்டையாக, நீளமாகப் படுத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர், பேக்கரியில் ரொட்டி அடுக்கி அடுப்புக்குள் தள்ளும் தகரத் தட்டைப் போல. இந்த மாதிரி நாலைந்தை ஓர் இரும்பு அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, முன்னால் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம், அதற்குப் பேர்தான் ரேக் என்று பீர் முகமது போன வாரமே படம் காட்டி விளக்கியிருந்தார். “ஓடவிட்டுப் பாத்துக்கிட்டே இருங்க மேடம். நான் வண்ணாரப்பேட்டை போயி சாதா கேபினட் ஒண்ணையும் எடுத்துட்டு வந்துருதேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க” என்றார். படியிறங்குகிற சத்தம், பைக் கிளம்புகிற சத்தம், எல்லாம் தெளிவாகக் கேட்டது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்து கொடுப்பது எங்கள் வேலை. முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒரு கூடம், மைக் வைத்த சின்ன அறை, பின்னால் பழைய நாற்காலிகள் கிடக்கும் ஓர் உள்ளறை, இவ்வளவுதான் அலுவலகம். நயினார் என் கூட்டாளி, பதிவு அவன் பொறுப்பு. முப்பிடாதி அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்வாள். கடைசியில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசையும் கேட்டு, சரி என்பேன். நான் சரி என்றால்தான் அது வெளியே போகும். போன மாதம் நயினாரின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்து, பத்தாம் வகுப்பு அறிவியலில் பாதி அதோடு போய்விட்டது. வாசித்துக்கொடுத்த ரிட்டயர்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, மறுபடி வாசியுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நயினார்தான் கேட்டான். இனிமேல் இப்படி ஆகக் கூடாது, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள நல்ல கம்ப்யூட்டர்கள் வாங்குவோம் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அது ரேக்கா, கேபினட்டா என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறோம், அதாவது நான் நின்றுகொண்டிருக்கிறேன், அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

நயினாருக்கு ரேக். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாம் ஓரிடத்தில் இருக்கும், ஒரே யூபிஎஸ், ஒரே பூட்டு, வயர்கள் பின்பக்கம் ஜடை போட்டதுபோல ஒழுங்காக இறங்கும். தரை துடைக்கிற ஈரத்துணி படாது. முப்பிடாதி மேஜைக்கடியில் சிபியு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள், அவன் தன்னுடைய சிபியு மேல் டீ கிளாஸை வைப்பான், அந்த வட்டக் கறை இப்போதும் இருக்கிறது. கேபினட் என்றால் மறுபடி ஆளுக்கொரு பெட்டி, மறுபடி கால், மறுபடி டீ, தூசி. ஆனால் கேபினட்டில் ஒரு சாமான் போனால் நம்ம ஊர் வண்ணாரப்பேட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கும், நயினாரே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ரேக்கில் எல்லாமே அதற்கென்று செய்த அளவு, சென்னையிலிருந்து வர வேண்டும் என்று பீர் முகமதுவே ஒப்புக்கொண்டார், விற்கிறவர் வாயால் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று பேர் இருக்கிற இடத்துக்கு ரேக் வாங்குவது, இரண்டு பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான். அண்டாவையாவது கவிழ்த்துப் போட்டுவிடலாம், சும்மா கிடக்கும், சத்தம் போடாது. சத்தம். இங்கேதான் வந்து நிற்கிறது, எந்த வழியாகப் போனாலும் கடைசியில் இங்கேதான் வருகிறேன். தட்டையான பெட்டிக்குள் பெரிய ஃபேன் நுழையாதாம், தீப்பெட்டி அளவு ஃபேன்களை வரிசையாக வைத்து வெறிபிடித்த மாதிரி சுற்றவிட வேண்டுமாம், அதனால் விசில் போல ஒரு கீச்சு வருமாம். கேபினட்டில் உள்ளங்கை அகல ஃபேன், மெதுவாகச் சுற்றும், ஆளுக்குத் தெரியாது. பீர் முகமது சொன்னது இது. இப்போது அந்தக் கீச்சு இந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, முப்பிடாதி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கேட்பது ஓர் உறுமல். பஸ் ஸ்டாண்டில் டிரைவர் இறங்கிப் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் எஞ்சின் மாதிரி, அடங்கின, சாதுவான சத்தம். இதற்கா பஞ்சு? சின்னப்பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிசு. ஆனால் நயினார் சின்னப்பிள்ளை இல்லை, நாற்பது தாண்டிவிட்டது, அவனுக்கு ரேக்தான் வேண்டும், அவனும் முகத்தைச் சுளித்தானே. எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிற பாவனையில் குனிந்தேன். உறுமல் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். சூடான காற்று கன்னத்தில் பட்டது. “என்னக்கா பாக்குதீங்க?” என்றாள் முப்பிடாதி, பஞ்சை எடுக்காமலே. “ஒண்ணும் இல்ல, சூடு எப்படி இருக்குன்னு பாத்தேன்” என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

தெர்மாமீட்டர். அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது என்று தெரியாதவள் மாதிரி எனக்கு நானே நடித்தேன். மழைக்காலத்தில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது கக்கத்தில் வைத்துவிட்டு, பீப் அடிக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அது கெட்டுப்போய்விட்டது என்று கீழே மருந்துக்கடையில் புதிசு வாங்கினேன். புதிசும் அடிக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் தன் கக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு, “அடிக்குதே மேடம்” என்றார். எதிரே பஸ் போய்க்கொண்டிருந்தது, பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் பாபநாசத்தில் என் நாத்தனார் வீட்டுத் தோட்டத்தில் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, “இந்த வருஷம் சில்வண்டே இல்லையே, மருந்து அடிச்சுக் கொன்னுட்டாங்களோ” என்றேன். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அப்போது பயமாக இருந்திருக்குமோ? குக்கர் விசில் கேட்கிறது. ரயில் கேட்கிறது. முப்பிடாதி கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து முணுமுணுத்தால்கூடக் கேட்கிறது, சரி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கிறது. நான் பேசுகிறவர்களின் முகத்தை எப்போதிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்? நான் கண்ணாடி போட்டிருக்கிறேன், வெள்ளெழுத்து, நாற்பத்தைந்து வயதில் வந்தது, அதை யாரிடமும் மறைக்கவில்லை, கண்ணாடிக்கடையில் போய் நாலு சட்டம் போட்டுப் பார்த்து, எது முகத்துக்குப் பொருந்தும் என்று சிரித்துக்கொண்டே வாங்கினேன். கண்ணுக்கு அப்படி, காதுக்கு மட்டும் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்றால், அம்மா.

அம்மாவுக்கு ஐம்பதிலேயே காது போக ஆரம்பித்துவிட்டது. அவள் அதைச் சொல்லவே இல்லை, சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கு நடுவே ஏதாவது வேடிக்கை சொல்லி எல்லோரும் சிரித்தால், அம்மா அரை மூச்சு பிந்திச் சிரிப்பாள், நான் பக்கத்து வரிசையில் இருந்து அந்தப் பிந்தலைக் கேட்பேன், எனக்கு அவமானமாக இருக்கும். கல்யாண வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். “இந்த அம்மா மாதிரி ஒரு தங்கமான மனுஷி உண்டா” என்று எல்லோரும் சொன்னதற்குக் காரணம், யார் சொன்னதையும் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் மதுரையில் வேலையில் இருந்தேன். டாக்டர் வராந்தாவில் அம்மாவை நிறுத்தி, டாக்டர்கள் வழக்கப்படி தாழ்ந்த குரலில், ரொம்ப நாள் தாங்காது, பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள், நல்ல மனிதர், அன்பான முகம், அந்த முகத்தை வைத்து, நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, தலையாட்டி, கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். எனக்குப் போன் போட்டு, “டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு, நீ பதறிக்கிட்டு வராண்டாம், லீவு கெடைக்கும்போது வா” என்றாள். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று கஞ்சியும் துவையலும் செய்து எடுத்துவர வீட்டுக்குப் போனாள். அவள் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தபோது அப்பா முகத்தை மூடியிருந்தார்கள். நான் வந்தது அதற்கும் பிறகு. அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், “டாக்டரு சரியாயிரும்னுதானே சொன்னாரு சீலி?” நான் அங்கே இல்லாத ஒரு பேச்சுக்கு என்னிடம் சாட்சி கேட்டாள். ஆமாம்மா, அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றேன். நர்ஸ் சொன்னதை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் உண்டா என்று எத்தனையோ முறை துழாவிப் பார்த்திருக்கிறேன். காது கேட்காததற்குக் கோபம் இல்லை. கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்துக்கு முன் பீர் முகமது சுவிட்சைப் போட்டபோது நயினார் சிரித்தான், நானும் சிரித்தேன். அரை மூச்சு பிந்தியா? யாரிடம் போய்க் கேட்பது?

மூன்று வாரம் முன்பு முப்பிடாதி ஒரு பாடத்தைக் கொண்டுவந்து, “அக்கா, இந்த சார் வாசிப்புல ‘ச’ எல்லாம் விசிலடிக்கு. பல்லு செட்டு போல. குறைச்சிருக்கேன், இன்னும் குறைக்கவா?” என்று கேட்டாள். கேட்டுப் பார்த்தேன். எனக்கு விசிலும் இல்லை ஒன்றும் இல்லை, நல்ல வாசிப்பு, கொஞ்சம் மந்தமாக இருந்தது அவ்வளவுதான். “போதும்டீ, ரொம்ப நோண்டாத” என்றேன். அவள் அதை அப்படியே அனுப்பிவிட்டாள். எத்தனை பாடம் இப்படிப் போயிருக்கும்? திருச்செந்தூர்ப் பக்கத்திலோ சங்கரன்கோவில் பக்கத்திலோ ஒரு பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண் இல்லாத குறைக்குக் காதைத் தீட்டிவைத்திருக்கிற பிள்ளை, அந்த விசிலை ஒவ்வொரு ‘ச’வுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும். சாதம், சக்தி, சமன்பாடு, சல்ஃபர். ஒரு தடவை நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கும். அதற்கு இந்தப் பாடத்தைச் சரி என்று அனுப்பியது யார் என்று தெரியாது. நான் ஒரு பெரிய விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு சின்ன விஷயத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன், ரேக்கா கேபினட்டா, ரேக்கா கேபினட்டா. ரேக் வாங்கிவிட்டால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அந்தக் கீச்சுக்குள் உட்கார்ந்து சுகமாக வேலை செய்யப்போவது இந்த ஆபீஸில் நான் ஒருத்திதான். இதை நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. வேறு வேலை தெரியாது எனக்கு. காது போனால் இந்த நாற்காலியில் எனக்கு என்ன வேலை, கணக்குப் பார்த்துக்கொண்டு, வாசிக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு. அதுவும் ஒரு வேலைதான். ஆனால் அந்தக் கடைசிச் சரி, அதைச் சொல்கிற நேரத்தில் உள்ளே ஒன்று நிமிருமே, அது.

“சீலியக்கா, ஒரு காரியம் பண்ணுவோம்” என்று நயினார் எழுந்தான். ரேக்கைக் கூடத்தில் வைக்கவே வேண்டாம், உள்ளறையைக் காலி பண்ணி, ஒரு ஏசி போட்டு, அங்கே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் கேட்காது என்றான். “அந்தச் சுவரு மைக் ரூமுக்கும் சுவருல்லா” என்றாள் முப்பிடாதி. “கேக்காது பிள்ள.” “கேக்கும் அண்ணே.” சரி, பதிவு செய்தே பார்த்துவிடுவோம் என்று, நயினார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்து ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மைக் அறைக்குள் போய்க் கையில் கிடைத்த ஏழாம் வகுப்புப் புவியியலை எடுத்து வைத்துக்கொண்டு, தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகி, என்று அவனுக்கே உரிய இழுவையில் ஒரு பத்தி வாசித்தான், வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் மூச்சுக்கூட விடாமல் சும்மா உட்கார்ந்திருந்தான், அந்தச் சும்மாவில்தான் சத்தம் தெரியும். வெளியே வந்து ஹெட்போனில் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். “லேசா ஏதோ இருக்க மாதிரி இருக்கு. எனக்கு நிச்சயமா சொல்ல முடியல.” முப்பிடாதி காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள். “இருக்கு. கொசு மாதிரி. நல்லாவே இருக்கு.” “உனக்கு ரேக் பிடிக்கல, அதான் கேக்கு” என்றான் அவன். “பொய்யா சொல்லுதேன்?” என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நயினார் ஹெட்போனை நீட்டினான். “அக்கா, நீங்க கேளுங்க. நீங்க சொன்னா முடிஞ்சுது.”

மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன், எப்போதும் மூடுவதுதான். நயினாரின் குரல் வந்தது, தாமிரபரணி வந்தது, மலை வந்தது, பத்தி முடிந்தது. அப்புறம் அந்தச் சும்மா. எவ்வளவு அழகாக, எவ்வளவு சுத்தமாக இருந்தது அது, காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறக்கும்போது இருக்கிற கூடம் மாதிரி. அதற்குள் தேடினேன். ஒரு கொசு, ஒரே ஒரு கொசு. காதை அழுத்திக்கொண்டு தேடினேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் இரண்டு முகங்கள். முப்பிடாதி முகத்தில், இருக்கு என்று சொல்லுங்கள் என்றிருந்தது. நயினார் முகத்தில், இல்லை என்று சொல்லுங்கள் என்றிருந்தது. எதைச் சொன்னாலும் நம்புவார்கள். முப்பிடாதி சொல்வதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும், அவள் பக்கமே தலையாட்டிவிட்டால் போதும், தீர்ப்பும் சரியாக இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தலை அதுவாகவே ஆட ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது அது. பிடரியில் ஒரு சின்ன அசைவு. நான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். “எனக்குக் கேக்கல” என்றேன்.

“பாத்தியா” என்றான் நயினார். “அக்காவே கேக்கலைங்காங்க.” முப்பிடாதி ஒரு கணம் என்னையே பார்த்தாள். அப்புறம், “சரிக்கா” என்று தன் இடத்துக்குத் திரும்பினாள், தன் காதையே சந்தேகப்படுகிறவள் போலத் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “இல்ல நயினாரு, நில்லு. முப்பிடாதி, இங்க வா. சத்தம் இருக்கு. அவ சொல்லுதது சரி. எனக்குத்தான் கேக்கல.” நயினாருக்குப் புரியவில்லை. “பெட்டி இங்க கூடத்துல ஓடும்போதே எனக்குக் கீச்சு கேக்கல. அந்த சார் ‘ச’வுல விசிலடிக்காருன்னு இவ சொன்னாள்லா, அதுவும் கேக்கல. கொஞ்ச நாளாவே இருக்கும் போல. எங்க அம்மைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.” சொல்லி முடித்தபோது ஒன்றும் இடிந்து விழவில்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அது கேட்டது. நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான். “டாக்டரப் பாத்தீங்களாக்கா?” என்று கத்தினான், மைக்கே தேவையில்லாத குரலில். “கத்தாத. உன் பேச்சு கேக்குது. கேக்காதது அந்தக் கொசுதான்.” முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள், நான் சிரித்ததும் அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம், நானே கூட்டிப்போகிறேன் என்றான் நயினார். வீட்டுக்காரர் வருவார் என்றேன். அவரிடம் சில்வண்டைப் பற்றி இன்று கேட்டுவிட வேண்டும். “ரேக்கு வேண்டாம்” என்றேன். “நம்ம தொழிலுக்கு அது ஆகாது. கேபினட்டு வாங்குவோம், ஆளுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒவ்வொருநாளும் இன்னொரு டிஸ்க்குல பிரதி எடுத்து வைக்க ஏற்பாடு பண்ணு. உன் டீ கிளாஸ வேற எங்கயாவது வை.” அவன் ரேக்கை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டான். “கடைசியா கேக்கது யாருக்கா அப்போ?” என்றான் பிறகு, மெதுவாக. நான் முப்பிடாதியைக் காட்டினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அந்த சார் பாடத்த மறுபடி எடுக்கட்டுமா?” என்றுதான் கேட்டாள். “எடு. நான் சரின்னு அனுப்புன மத்ததையும் ஒவ்வொண்ணா எடு” என்றேன்.

பீர் முகமது மூச்சிரைக்கக் கேபினட்டைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். கறுப்புப் பெட்டி, நிற்கிற பெட்டி, அதில் ஓர் அழகும் இல்லை. முப்பிடாதியின் மேஜைக்கடியில் வைத்து இணைத்தார். நயினார் உள்ளறைக் கதவைத் திறந்து அங்கே ஓடியதை நிறுத்திவிட்டு வந்தான், அது நின்றதும் மற்ற இரண்டு பேர் முகத்திலும் ஓர் இளக்கம் வந்ததைப் பார்த்தேன். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, அது பரவாயில்லை. “ஆன் பண்ணியாச்சு மேடம். சத்தம் எப்படி இருக்குன்னு பாருங்க” என்று பீர் முகமது என் பக்கம் திரும்பினார். “அவகிட்ட கேளுங்க” என்றேன். முப்பிடாதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பீர் முகமது ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.